4. வகுப்பறைக்கு வெளியே: கொரியப் பள்ளி உங்களிடம் எதிர்பார்ப்பது

உங்கள் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 22 பாடவேளை, நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று எழுதியிருக்கும். சம்பளம், வீடு, விடுப்பு எல்லாம் அதில் உண்டு. சக ஆசிரியரின் தந்தை இறந்தால் எவ்வளவு பணம் உறையில் வைப்பது, பள்ளி விருந்தில் தலைமையாசிரியர் நீட்டும் கோப்பையை எப்படி வாங்குவது, புதன்கிழமை பிற்பகல் வாலிபால் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் எழுந்து போவதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. ஆனால் ஆண்டு முடிவில் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்ற பேச்சு எழும்போது பாடம் நடத்திய விதத்தோடு இவையும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை வரவழைக்கும் எப்பிக் திட்டம் 1995இல் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களை அது எடுத்துக்கொள்கிறது. டொரன்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இந்த வழியில் போகலாம். 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இந்திய - கொரியப் பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதிச் சான்று பெற்ற இந்தியர்களும் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகச் சேர இடம் கொடுத்தது. எந்த வழியில் போனாலும் ஆசிரியர் அறையில் நீங்கள் சந்திக்கப்போகும் வழக்கங்கள் ஒன்றுதான். தனியார் பயிற்சி மையங்களான ஹாக்வொன்களின் நடைமுறை வேறு. அதை 7ஆம் அத்தியாயத்தில் பார்ப்போம்.

உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்

முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர் இவர்தான். கொரிய ஆங்கில ஆசிரியர்களில் ஒருவரை உங்களுக்குப் பொறுப்பாகப் பள்ளி நியமித்திருக்கும். வகுப்பில் உங்களோடு நிற்பது அவர் வேலையில் பாதிதான். குடிநுழைவு அலுவலகத்தில் பதிவு, வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு, வீட்டு பாய்லர் பழுது, பல் வலிக்கு மருத்துவர் எல்லாமே அவர் தலையில்தான் விழும். பல பள்ளிகளில் இந்தப் பொறுப்பை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார் என்பதாலோ, பள்ளிக்குப் புதிதாக வந்தவர் என்பதாலோ அவரிடம் ஒப்படைத்திருப்பார்கள். தம் சொந்த வகுப்புகளையும் அலுவலகக் கோப்புகளையும் பார்த்துக்கொண்டே இதையும் அவர் சுமக்கிறார்.

இதை மனத்தில் வைத்தால் பல மனக்கசப்புகள் எழவே எழா. மூன்றாம் பாடவேளை கிடையாது என்று வகுப்பு வாசலில் வைத்துச் சொல்வார். நாளை விளையாட்டு விழா என்பது இன்று மாலைதான் உங்களுக்குத் தெரியவரும். வெளிநாட்டு ஆசிரியர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடப்பது என்னவென்றால், அறிவிப்புகள் எல்லாம் ஆசிரியர்களின் கணினியில் உள்ள கூல் மெசஞ்சர் போன்ற செயலி வழியாகக் கொரிய மொழியில் எல்லோருக்கும் போய்விடுகின்றன. அதை உங்களுக்காக ஒருமுறை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோகிறது. அந்தச் செயலியை உங்கள் கணினியிலும் நிறுவித் தரச் சொல்லுங்கள். வரும் செய்திகளை நேவர் நிறுவனத்தின் பாப்பாகோ மொழிபெயர்ப்பியில் போட்டுப் படியுங்கள். மொழிபெயர்ப்பு முழுதும் சரியாக இராவிட்டாலும், நாளும் நேரமும் இடமும் தெரிந்துவிடும்.

கேள்விகளைச் சேர்த்துவைத்து, மாணவர்கள் போன பிறகு ஒரே முறையாகக் கேளுங்கள். உங்கள் பொறுப்பாசிரியரைத் தாண்டி நேராகத் தலைமையாசிரியரிடம் போகாதீர்கள். விடுப்போ வீட்டுப் பிரச்சினையோ எதுவானாலும் முதலில் இவரிடம், இவர் வழியாகத் துணைத் தலைமையாசிரியரிடம், பிறகே மேலே. வரிசை மாறினால் தம் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்ற பேச்சு அவர் மேல் விழும். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எந்த உதவியும் மனமுவந்து வராது. நீங்கள் கேட்ட ஒன்றுக்கு அவர் “கொஞ்சம் கடினமாக இருக்கும்” என்றால் முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி கேட்டு, வெளிப்படையாக மறுக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளாதீர்கள்.

வரிசையும் வணக்கமும்

தலைமையாசிரியர் கியோஜாங், துணைத் தலைமையாசிரியர் கியோகாம், அவர்களுக்குக் கீழே துறைத் தலைவர்களான பூஜாங்குகள், பிறகு வகுப்பாசிரியர்கள். அன்றாட நிர்வாகம் கியோகாம் கையில். சம்பளம், வீட்டு வாடகை, விமானக் கட்டணம் போன்ற பணம் சார்ந்த எதுவும் நிர்வாக அலுவலகத்தைத் தாண்டித்தான் வரும். அங்கே இருப்பவர்கள் ஆசிரியர்கள் அல்லர் என்பதால் புதியவர்கள் அவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. அது பெரிய தவறு. காலையில் அந்த அறையின் கதவருகே நின்று தலை குனிந்து வணங்கிவிட்டுப் போவதற்கு அரை நிமிடம் போதும்.

யாரையும் வெறும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். சக ஆசிரியர் உங்களைவிட இளையவராக இருந்தாலும் பெயரோடு ஆசிரியர் என்று பொருள்படும் “சொன்செங்நிம்” சேர்த்தே சொல்ல வேண்டும். தலைமையாசிரியரை “கியோஜாங் சொன்செங்நிம்” என்று பதவியால் அழைப்பார்கள். முதல் வாரத்திலேயே எந்த ஆண்டு பிறந்தீர்கள், திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். எந்த அளவு மரியாதையோடு உங்களிடம் பேசுவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு அது தேவை. பிறந்த ஆண்டையே சொல்லுங்கள். 2023 ஜூனில் சட்டம் மாறி, பிறந்த நாளை வைத்து வயதைக் கணக்கிடும் முறை அதிகாரபூர்வமானது. ஆனாலும் பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் பழைய கணக்கு பேச்சு வழக்கில் இன்னும் புழங்குகிறது.

கட்டடத்துக்குள் செருப்பு வேறு. வாசலிலேயே மாற்றிக்கொள்ள ஒரு ஜோடியைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். தாளோ கோப்பையோ எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கைகளும் வேண்டும். மாலையில் மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பினால் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்கூடம்

மதிய உணவை எல்லோரும் சேர்ந்து பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்திலேயே சாப்பிடுவார்கள். அதற்கான பணத்தை மாதந்தோறும் பிடித்துக்கொள்வார்கள். தமிழர்களுக்கு இங்கேதான் முதல் சிக்கல் வரும். சூப்பில் மாட்டிறைச்சி, குழம்பில் பன்றி, கீரைப் பொரியலில்கூட மீன் சாறு. கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும்.

மாத உணவுப் பட்டியலை ஒட்டியதும் பாருங்கள். ஒவ்வொரு உணவின் பெயருக்குப் பக்கத்திலும் சிறிய எண்கள் இருக்கும். ஒவ்வாமைக்காக நாடு முழுவதும் பின்பற்றும் எண்கள் அவை. 10 பன்றி, 15 கோழி, 16 மாடு, 9 இறால், 1 முட்டை. கொரிய எழுத்து ஒன்றும் தெரியாதவர்கூட இந்த எண்களைக் கொண்டு எதைத் தட்டில் எடுக்கலாம் என்று முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியலில் நெத்திலிக்கு எண் இல்லை. கொரியச் சமையலில் சாறு இறக்க அதிகம் போடுவது நெத்திலிதான். முழுச் சைவம் என்றால் சூப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சாப்பாட்டுப் பணம் வேண்டாம் என்று சொல்லி வீட்டிலிருந்து கொண்டுவரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த டப்பாவை உங்கள் மேசையில் தனியாக உட்கார்ந்து திறக்காதீர்கள். கூடத்துக்கு எடுத்துப்போய் அவர்களோடு உட்காருங்கள். ஒன்றாகச் சாப்பிடாதவரைச் சேராதவர் என்றே அவர்கள் நினைப்பார்கள். உங்களோடு பேச மொழி இல்லாத ஆசிரியர்கள்கூட நெருங்கி வருவது அந்த 20 நிமிடத்தில்தான்.

ஹ்வேசிக்

பணியிடத்தார் எல்லோரும் வேலை முடிந்து சேர்ந்து சாப்பிட்டுக் குடிக்கும் மாலைக்கு ஹ்வேசிக் என்று பெயர். கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குவதால் புதியவர்களை வரவேற்கும் விருந்து அப்போது. பருவ முடிவான ஜூலையில் ஒன்று, ஆண்டு முடிவில் ஒன்று, மாற்றலாகிப் போகிறவர்களுக்காகப் பிப்ரவரியில் ஒன்று. இந்த நான்குக்கும் போய்விடுங்கள். குறிப்பாக மார்ச் விருந்தில் எழுந்து நின்று ஓரிரு வாக்கியம் பேசச் சொல்வார்கள். உங்கள் பெயர், எங்கிருந்து வந்தீர்கள், இனி நல்லபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள், இவ்வளவையும் கொரிய மொழியில் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் அந்த ஆண்டின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பெரும்பாலும் உணவகத்தில் தரையில் உட்கார வேண்டியிருக்கும். காலுறை கிழியாமல் இருக்கட்டும். எங்கே உட்காருவது என்று அவர்கள் காட்டும்வரை நில்லுங்கள். கதவிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் இடம் மூத்தவர்களுக்கு. ஸ்பூனும் சாப்ஸ்டிக்கும் பெரும்பாலும் மேசையோடு சேர்ந்த இழுப்பறையில் இருக்கும். உங்கள் மேசையில் நீங்கள் இளையவர் என்றால் அவற்றை எடுத்துப் பரப்பி, தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை. மூத்தவர் கை வைக்கும்வரை சாப்பிடத் தொடங்காதீர்கள்.

தம் கோப்பையைத் தாமே நிரப்பிக்கொள்வது வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர் கோப்பை காலியானதா என்று பார்த்து நீங்கள் ஊற்ற வேண்டும். உங்களுக்கு அவர் ஊற்றுவார். ஊற்றும்போதும் வாங்கும்போதும் இரண்டு கைகள். கோப்பைகளைத் தட்டும்போது உங்கள் கோப்பை மூத்தவர் கோப்பைக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். குடிக்கும்போது அவருக்கு நேராகக் குடிக்காமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் பாட்டிலோடு மேசை மேசையாக வருவார். அவர் வந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் உங்கள் வரவேற்பின் மையம். எழுந்தோ முட்டியிட்டோ வாங்குங்கள்.

குடிக்காதவர் என்ன செய்வது? கோப்பையைக் கவிழ்த்து வைக்காதீர்கள். நிரப்ப விடுங்கள், சோஜூ என்ற மதுவுக்குப் பதில் சைடர் என்று அங்கே அழைக்கும் இனிப்புச் சோடாவை ஊற்றச் சொல்லுங்கள். அதுவும் நிறமற்றது, அதே கோப்பையில் அதே சடங்கோடு வாங்கித் தட்டிக் குடிக்கலாம். காரணத்தை முதல் விருந்துக்கு முன்பே உங்கள் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மதம், மருந்து, உடல்நிலை எதுவாயினும் ஒரே காரணத்தை எப்போதும் சொல்லுங்கள். முதல் விருந்தில் குடித்துவிட்டு இரண்டாவதில் மறுத்தால், உங்களுக்கு ஏதோ மனக்குறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

மறுத்த பிறகும் ஒருவர் விடாமல் வற்புறுத்தினால் அதைப் பண்பாடு என்று நினைத்துச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. பணியிடத் துன்புறுத்தலைத் தடை செய்யும் சட்டத் திருத்தம் 2019 ஜூலை 16 முதல் கொரியாவில் நடப்பில் இருக்கிறது. விருப்பமில்லாதவரைக் குடிக்கக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடங்கலாம். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு விருந்துகளின் நீளமும் குறைந்துவிட்டது. இளம் கொரிய ஆசிரியர்களே சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்புகிறார்கள். இந்த விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை.

முதல் சுற்று முடிந்ததும் இரண்டாம் சுற்றுக்கு, பீர் கடைக்கோ பாட்டறைக்கோ, கூப்பிடுவார்கள். என் தீர்ப்பு இது: முதல் சுற்றுக்குத் தவறாமல் போங்கள், கடைசிவரை இருங்கள், இரண்டாம் சுற்று உங்கள் விருப்பம். சொல்லாமல் நழுவுவது மட்டும் கூடாது. கியோகாமிடம் ஒரு முறை குனிந்து விடைபெற்றுக்கொண்டு கிளம்புங்கள். பணம் கொடுக்கப் பையைத் திறக்காதீர்கள். விருந்துச் செலவு பள்ளிக் கணக்கிலோ ஆசிரியர் சங்கப் பணத்திலோ போகும். மறுநாள் காலை சரியான நேரத்துக்குப் பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் யாரும் தளர்த்த மாட்டார்கள்.

சைவர்களுக்கு ஒரு சொல். விருந்து பெரும்பாலும் பன்றி வயிற்றுப்பகுதி சுடும் கடையில்தான் நடக்கும். உங்களுக்காகக் கடையை மாற்றச் சொல்லாதீர்கள். இறைச்சி இல்லாத பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டும் போகலாம். அங்கே சோறும் கீரையும் பூண்டும் நிச்சயம் இருக்கும்.

புதன்கிழமை வாலிபால்

இது எந்தக் கையேட்டிலும் இராது. பல தொடக்கப் பள்ளிகளில் புதன்கிழமை பிற்பகல் மாணவர்கள் போனதும் ஆசிரியர்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் வாலிபால் ஆடுவார்கள். பல இடங்களில் அணிக்கு 9 பேர். தலைமையாசிரியரும் ஆடுவார், பக்கத்துப் பள்ளிகளோடு போட்டியும் நடக்கும். உங்களுக்கு ஆடத் தெரியுமா என்பது பொருட்டே இல்லை. வந்து நின்றீர்களா, தவறவிட்ட பந்துக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். மாலை விருந்து ஒத்துவராத ஒருவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. சாராயம் இல்லை, மொழியும் வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் பழமோ கோழி வறுவலோ வரும். அரை மணியில் வீட்டுக்குப் போய்விடலாம்.

உறை

கொரியாவில் திருமணத்துக்கும் சாவுக்கும் பணம் வைப்பது நம் ஊர் மொய்யைப் போலவே கடனும் உறவும் கலந்த வழக்கம். வாசலில் மேசை, பெயர் எழுதும் ஏடு, பணத்தை எண்ணிக் குறிக்கும் உறவினர் எல்லாம் இருப்பதால் தமிழர்களுக்கு அங்கே விளக்கமே தேவைப்படாது. வேறுபாடு எண்ணில்தான். நாம் ஒரு ரூபாய் சேர்த்து ஒற்றைப்படை ஆக்குவோம். அவர்கள் 30,000, 50,000, 70,000 வொன் என்று முதல் இலக்கத்தை ஒற்றைப்படையில் வைப்பார்கள். ஒரு லட்சம் வொன் விதிவிலக்கு, அது சரி. நான்கு என்பது சாவை நினைவூட்டும் எண் என்பதால் 40,000 கூடாது. சாதாரண அறிமுகம் உள்ள சக ஆசிரியருக்கு 50,000 போதும். நெருங்கியவர், விருந்திலும் சாப்பிடப்போகிறீர்கள் என்றால் ஒரு லட்சம் வையுங்கள். வெள்ளை உறையின் பின்பக்கம் இடது ஓரத்தில் உங்கள் பெயர்.

திருமண மண்டபத்தில் சடங்கு மிகச் சீக்கிரம் முடிந்துவிடும். உறையைக் கொடுத்ததும் சாப்பாட்டுச் சீட்டு தருவார்கள். மணமகளின் நிறம் என்பதால் வெள்ளை உடுத்தாதீர்கள்.

சாவு வீட்டில்தான் கவனம் வேண்டும். வீடு என்று சொன்னாலும் அது பெரும்பாலும் மருத்துவமனையோடு சேர்ந்த இரங்கல் கூடம். இரங்கல் மூன்று நாள் நடக்கும். செய்தி வந்த அன்றோ மறுநாளோ பள்ளியிலிருந்து ஒரு குழு காரில் கிளம்பும். நானும் வருகிறேன் என்று சொல்லுங்கள். கறுப்பு உடை. இறந்தவரின் படத்துக்கு முன் இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கி, பிறகு குடும்பத்தாரை ஒரு முறை வணங்குவார்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் பூ வைத்து நின்றபடி தலை குனிவதோடு முடியும். முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். சிரித்து முகமன் கூறாதீர்கள். பிறகு சாப்பிட உட்கார வைப்பார்கள். காரமான மாட்டிறைச்சிக் குழம்பு வரும். உண்ணாதவர் சோற்றையும் தொட்டுக்கொள்வதையும் எடுத்துக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்திருக்க வேண்டும், உடனே எழுந்துவிடக் கூடாது. அங்கே கோப்பைகளைத் தட்டவே கூடாது. வெளிநாட்டு ஆசிரியர் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்து அந்தக் கூடத்தில் நின்றதை அந்தக் குடும்பம் மறக்காது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் உங்களால் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

பரிசும் பெற்றோரும்

ஊரிலிருந்து திரும்பும்போது தின்பண்டம் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வைப்பது நல்ல பழக்கம். முறுக்கும் கடலை மிட்டாயும் அங்கே விரைவாகவே தீரும். தலைமையாசிரியருக்குத் தனியாக விலையுயர்ந்த பரிசு வேண்டாம். 2016 செப்டம்பர் 28 முதல் நடப்பிலுள்ள ஊழல் தடுப்புச் சட்டம், கிம் யங்ரான் சட்டம் என்று பெயர் பெற்றது, ஆசிரியர்களையும் கட்டுப்படுத்துகிறது. மே 15 ஆசிரியர் நாளில்கூட மாணவர் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் தரும் கார்னேஷன் பூவைத்தான் ஏற்கலாம். பெற்றோர் காப்பி வாங்கித் தந்தாலும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். மாணவர் எழுதித் தரும் கடிதத்துக்குத் தடையில்லை.

பெற்றோர்களோடு நேரடியாகக் கைப்பேசி எண்ணைப் பகிராதீர்கள். 2023 ஜூலையில் சியோலின் சொய் தொடக்கப் பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரின் புகார்கள் ஆசிரியர்களை எவ்வளவு நெருக்குகின்றன என்று நாடே பேசியது. அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று ஏராளமான ஆசிரியர்கள் விடுப்பெடுத்து நினைவுகூர்ந்தார்கள். உங்கள் சக ஆசிரியர்கள் ஒரு மாணவனைக் கண்டிக்கத் தயங்குவதையோ, சிறு சச்சரவையும் எழுதி வைப்பதையோ கோழைத்தனம் என்று எடைபோடாதீர்கள். அவர்கள் சுமையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை. பெரும்பாலும் 4, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றல் வரும். பிப்ரவரியில் பட்டியல் வெளியாகும். ஓராண்டு பழகிய பொறுப்பாசிரியர், கியோகாம், சில நேரம் தலைமையாசிரியர்கூட ஒரே வாரத்தில் போய்விடலாம். போகிறவர்களுக்கு அந்த மாத விருந்தில் நன்றி சொல்லிவிடுங்கள். உங்கள் பொறுப்பாசிரியருக்குக் கையால் எழுதிய ஒரு கடிதம் கொடுங்கள். மார்ச் முதல் வாரத்தில் புதியவர்கள் தங்கள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் இந்த ஆண்டு உங்களுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டு, அவர் உங்களைத் தேடி வருவதற்கு முன்பே நீங்கள் போய் வணங்குங்கள்.